9. சொந்த ஊர்ச் சுற்று

பெரியவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, பிறந்த ஊர், படித்த ஊர், வாக்கப்பட்ட ஊர் என்று காரில் ஒரு சுற்றுப் போய்வர நினைப்பவர்களுக்கானது இந்த அத்தியாயம். முந்தைய அத்தியாயங்களில் சொன்ன கணக்குகள் பலவும் இங்கே செல்லாது. ஒரு நாளைக்கு 400 கிலோமீட்டர், இரண்டு கோயில், ஓர் அருவி என்று போட்ட திட்டம் இரண்டாம் நாளே குலைந்துவிடும். ஏதோ ஒரு கிணற்றடியில் அம்மா அரை மணி நேரம் நிற்பார். யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில் அப்பா உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் கிளம்பியதே.

திட்டம் போடும்போது ஒரே ஒரு விதியை வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் ஆட்கள், பிறகு இடங்கள். கோயில் அடுத்த வருடமும் இருக்கும். ஆறும் இருக்கும். வீடு இடிந்துபோனாலும் மனை இருக்கும். உங்கள் அம்மாவைப் பாவாடை சட்டை வயதில் பார்த்த பெரியம்மாவுக்கும், அப்பாவுக்கு ஐந்தாம் வகுப்பில் பாடம் எடுத்த வாத்தியாருக்கும் அந்த உத்தரவாதம் கிடையாது. எனவே ஊர்ப் பட்டியலுக்கு முன்னால் ஆட்களின் பட்டியலை எழுதுங்கள், பக்கத்தில் வயதோடு. அதில் மூத்தவர் யாரோ, அவரிடம் நல்ல வெளிச்சத்தில், அலுப்பில்லாமல் போய்ச் சேரும்படி வழி போடுங்கள். கிலோமீட்டர் கூடினால் கூடட்டும்.

பட்டியலை எங்கே தேடுவது

பெரியவர்களிடம் "யார் யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டால் நான்கு பேர் சொல்வார்கள். மிச்சம் பேர் பரணில் இருக்கிறார்கள்.

மொய் நோட்டு: அம்மா அப்பா கல்யாணத்துக்கோ, அத்தை பிள்ளைகள் காதுகுத்துக்கோ எழுதியதை எடுங்கள். ஊர், பெயர், தொகை என்று வரிசையாக இருக்கும். தகப்பனார் பெயரோ வீட்டுப் பெயரோ சேர்த்து எழுதும் வழக்கமுள்ள ஊரானால் இன்னும் நல்லது. ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டுங்கள். "அட, இவனா!" என்று பெரியவர் நிறுத்தும் இடமெல்லாம் உங்கள் பட்டியலுக்கு ஒரு பெயர்.

கல்யாணப் பத்திரிகைகள்: மணமக்கள் பெயரை விட்டுவிட்டு, கீழே சிறிய எழுத்தில் அச்சான பெயர்களைப் படியுங்கள். தாய்மாமன்கள் யார், எந்த ஊர் என்பது அங்கேதான் கிடைக்கும்.

பழைய கிரயப் பத்திரம்: இதில் செக்குபந்தி என்று ஒரு பகுதி வரும். மனையின் நான்கு எல்லைகளும் அதில் உண்டு: இன்னார் மனைக்குக் கிழக்கு, வாய்க்காலுக்கு மேற்கு என்பது போல. வீடு தரைமட்டமாகி அங்கே மாடிக் கட்டடம் எழும்பியிருந்தாலும், இதை வைத்து இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். தஞ்சைப் பக்கத்துப் பத்திரமானால் நிலம் வேலி, மா, குழிக் கணக்கில் இருக்கும். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி; ஒரு வேலி என்பது ஆறரை ஏக்கருக்குச் சற்றுக் கூட. நெல்லை, குமரி, செங்கோட்டைப் பக்கத்துப் பழைய காகிதங்களில் கொல்லம் ஆண்டு போட்டிருந்தால் 825-ஐக் கூட்டினால் ஏறக்குறைய ஆங்கில ஆண்டு வந்துவிடும். கொல்லம் 1100 என்பது 1924–25.

குலதெய்வக் கோயில் வரி நோட்டு: கொடைக்கும் படையலுக்கும் வரி பிரிக்கிற கோயிலில் பங்காளிகள் எல்லாருடைய பெயரும் இன்றைய தொலைபேசி எண்ணோடு எழுதியிருக்கும். பூசாரிக்கோ கணக்குப் பார்ப்பவருக்கோ ஒரு போன் போட்டால் போதும். நாற்பது வருடமாகத் தொடர்பு விட்டுப்போன கிளைகூட ஒரே நாளில் அகப்படும்.

பழைய முகவரி, புதிய வரைபடம்

கையில் இருக்கும் கடித உறையில் "தஞ்சாவூர் ஜில்லா, மாயவரம் தாலுகா" என்று இருக்கும். கைபேசி வரைபடம் அதை ஒப்புக்கொள்ளாது. இந்தியாவில் பின்கோடு வந்ததே 1972 ஆகஸ்ட் 15-ல்தான். அதற்கு முந்தைய உறைகளில் தபால் முத்திரையில் உள்ள ஊர்ப் பெயரைப் பாருங்கள். அந்தத் தபால் நிலையத்துக்கு உட்பட்ட ஊர்களில்தான் தேட வேண்டும். மாவட்டங்கள் பிரிந்த வரிசையும் தெரிந்திருப்பது நல்லது:

– பழைய தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து 1991-ல் நாகப்பட்டினம் பிரிந்தது. 1997-ல் திருவாரூர் வந்தது. 2020-ல் நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை (பழைய மாயவரம்) தனியானது.
– புதுக்கோட்டை 1948 வரை தனி சமஸ்தானம். தனி மாவட்டமானது 1974-ல்.
– பழைய ராமநாதபுரம் மாவட்டம் 1985-ல் மூன்றானது. சிவகங்கையும் விருதுநகரும் அப்போது பிறந்தவை.
– திருநெல்வேலியிலிருந்து 1986-ல் தூத்துக்குடியும் 2019-ல் தென்காசியும் பிரிந்தன.
– செங்கோட்டையும் கன்னியாகுமரியும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்தவை. அதற்கு முந்தைய ஆவணங்கள் மலையாளத்தில் இருக்கலாம்.

ஊரில் போய் "கர்ணம் வீடு எது?" என்று பெரியவர் கேட்டால் இளவட்டங்கள் விழிப்பார்கள். கர்ணம், மணியம் பதவிகள் 1980-ல் ஒழிந்து, கிராம நிர்வாக அலுவலர் வந்துவிட்டார். ஆனால் வீட்டுக்கு அந்தப் பெயர் இன்னும் இருக்கும். அறுபது தாண்டிய ஒருவரைப் பார்த்துக் கேளுங்கள்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு பெரியவர் கையில் ஒரு பெரிய தாளைக் கொடுத்து, தெருவை வரையச் சொல்லுங்கள். கோயில் எங்கே, குளம் எங்கே, முக்கு வீடு யாருடையது, மாவு மில் எந்தப் பக்கம். வரையத் தெரியாது என்பார். "கோயில்லேருந்து எத்தனையாவது வீடு?" என்று கேட்டால் விரல் தானாக நகரும். ஊரில் வழி கேட்க இந்தத் தாள்தான் உதவும்.

எந்த மாதம்

பெரியவர் மனதில் இருப்பது ஆறு என்றால், தண்ணீர் ஓடும்போது போக வேண்டும். காவிரிக் கரைக்காரர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். இருப்புக் குறைந்த வருடங்களில் திறப்பு தள்ளிப்போகும். திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து, பிரிந்து, கடைமடைக்குப் போய்ச் சேர இன்னும் நாளாகும். பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை என்று மே மாதத்தில் மாயவரம் போனால் காவிரியில் மணலைத்தான் பார்ப்பீர்கள். "இதுலதான் நான் நீச்சல் கத்துக்கிட்டேன்" என்று அம்மா சொல்லும்போது பேரன் நம்பமாட்டான். தாமிரபரணிக்காரர்களுக்கு இந்தக் கவலை அவ்வளவு இல்லை.

அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். கடலோர மாவட்டங்களில் அப்போது பெரியவர்களோடு அலைய வேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயலும், 2023 டிசம்பரில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் வெள்ளமும் வந்தது இந்தப் பருவத்தில்தான்.

எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால் இரண்டு காலங்கள் தேறும். ஒன்று, செப்டம்பர் கடைசியில் வரும் காலாண்டுத் தேர்வு விடுமுறை: ஆற்றில் தண்ணீர் இருக்கும், பெருமழை பிடித்திருக்காது. இன்னொன்று, பொங்கல் முடிந்து பிப்ரவரி வரை: வெயில் ஏறியிருக்காது, சம்பா அறுவடை நடக்கும், ஊரில் ஆள் நடமாட்டம் இருக்கும். நெல்லைச் சீமைக்காரர்களுக்கு மூன்றாவதாக ஒன்று உண்டு. பங்குனி உத்திரத்தன்று குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்குப் போனால், தனித்தனியாகத் தேட வேண்டிய உறவுகள் எல்லாரும் ஒரே ஆலமரத்தடியில் கிடைப்பார்கள். தங்கும் இடத்துக்கு மட்டும் முன்பே சொல்லி வைத்துவிட வேண்டும்.

ஒரு மாதிரி வழித்தடம்

அம்மாவுக்கு மயிலாடுதுறை பக்கத்துக் கிராமம். தாத்தா ரயில்வேயில் இருந்ததால் அப்பா படித்தது மானாமதுரை. அப்பாவின் பூர்வீகம் அம்பாசமுத்திரம். இப்போது எல்லாரும் சென்னை. இப்படி ஒரு குடும்பத்துக்கான ஏழு நாள் திட்டம் இது. ஊர்களை மாற்றி உங்களுக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளலாம். அளவை மட்டும் மாற்றாதீர்கள்: ஒரு நாளுக்கு ஓர் ஊர், அதுவும் காலையில்.

முதல் நாள்: சென்னையிலிருந்து விடிவதற்கு முன் கிளம்புங்கள். திண்டிவனம், புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் வழியாக மயிலாடுதுறை 270 கிலோமீட்டர் அளவில் வரும். கொள்ளிடம் பாலத்தைத் தாண்டியதும் அம்மாவின் பேச்சு மாறும். அந்த நேரத்தில் பாட்டை நிறுத்திவிடுங்கள். மதியத்துக்குள் போய்ச் சேர்ந்தாலும் அன்றைக்கு யார் வீட்டுக்கும் போக வேண்டாம். தூங்கட்டும்.

இரண்டாம் நாள்: காலை 7 மணிக்குக் கிராமம். வெயில் ஏறுவதற்குள் தெருவைச் சுற்றி முடித்து, மூத்தவர் வீட்டில் மதியச் சாப்பாடு. கோயில்கள் பெரும்பாலும் 12 மணியை ஒட்டி நடை சாத்தி 4 மணிக்குத்தான் திறப்பார்கள். அந்த இடைவேளை ஓய்வுக்கு. சாயங்காலம் காவிரியில் துலாக் கட்டம். அம்மாவுக்குத் தரங்கம்பாடி ரயில் ஞாபகம் இருந்தால் அங்கே ஒரு நடை போய் வரலாம். மாயவரத்திலிருந்து ஓடிய அந்த ரயில் 1986-ல் நின்றுபோனது. டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்டத் தொடங்கிய கோட்டை கடலைப் பார்த்தபடி இன்னும் நிற்கிறது.

மூன்றாம் நாள்: கும்பகோணம், தஞ்சாவூர், புதுக்கோட்டை வழியாகக் காரைக்குடி. கும்பகோணத்திலிருந்து புதுக்கோட்டை தாண்டும் வரை தேசிய நெடுஞ்சாலை 36. தஞ்சாவூரில் பெரிய கோயிலைப் பார்த்தே ஆக வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். பெரியவர்களுக்கு வெறுங்காலில் சுடும் கல்தளம் ஆகாது. அதை வேறொரு பயணத்துக்கு வைத்துக்கொண்டு, சாலையோரமாகவே தெரியும் திருமயம் கோட்டையை வண்டியிலிருந்து காட்டுங்கள். காரைக்குடியில் தங்க நல்ல விடுதிகள் உண்டு.

நான்காம் நாள்: காலையில் மானாமதுரை. ராமேஸ்வரம் தடம் 2007-ல் அகலப் பாதையானபோது மீட்டர் கேஜ் காலத்து அடையாளங்கள் பலவும் போய்விட்டன. தாத்தா இருந்த ரயில்வே குவார்ட்டர்ஸைத் தேடிப் போகும் முன் ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். தாத்தாவின் வேலையைச் சொன்னால் ரயில்வேக்காரர்கள் கூடவே வந்து காட்டுவார்கள். இந்த ஊர்க் கடமும் மண்பானையும் பேர்போனவை. குயவர் தெருவில் தட்டிப் பார்த்து வாங்கலாம். இரவு மதுரை, 50 கிலோமீட்டர்தான்.

ஐந்தாம் நாள்: மதுரையிலிருந்து திருநெல்வேலி 160 கிலோமீட்டர், நால்வழிச் சாலை. வழியில் சாத்தூர் காராச்சேவு, கோவில்பட்டி கடலை மிட்டாய். பார்க்கப் போகும் வீடுகளுக்கு இங்கேயே வாங்கிவிடலாம். மதியத்துக்கு மேல் ஓய்வு.

ஆறாம் நாள்: அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி. திருநெல்வேலியிலிருந்து 40 கிலோமீட்டருக்குள். ஆற்றில் குளிக்க ஆசைப்படுவார்கள். படித்துறை பாசி பிடித்திருக்கும். இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொண்டு, மேல்படியிலேயே சொம்பால் ஊற்றிக்கொள்ளட்டும்.

ஏழாம் நாள்: பெரியவர்களைக் காரில் திருப்பிக் கூட்டிவராதீர்கள். சென்னைக்கு 620 கிலோமீட்டருக்கு மேல். நெல்லை எக்ஸ்பிரஸில் ஏற்றி, கூட ஒருவரை அனுப்புங்கள். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் கீழ்ப்படுக்கைக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. டிக்கெட் போடும்போது அதைத் தேர்ந்தெடுங்கள். காரை ஓட்டி வருபவர்கள் திருச்சியில் ஓர் இரவு தங்கி வரலாம்.

பட்டியலில் முதல் பெயர் அம்பாசமுத்திரத்தில் இருக்கும் தொண்ணூறு வயது அத்தை என்றால் இந்தத் தடத்தை அப்படியே தலைகீழாகப் போடுங்கள். பெரியவர்கள் ரயிலில் போய் இறங்கட்டும். கார் அங்கே காத்திருக்கட்டும்.

வண்டியும் உடம்பும்

ஏழு பேர் உட்காரும் வண்டியில் கடைசி வரிசை பிள்ளைகளுக்கு. முழங்கால் வலிக்காரர் நடு வரிசையில் கதவோரம். ஏறி இறங்க உயரம் குறைந்த, ஆடாத ஒரு மணையை வண்டியிலேயே வைத்திருங்கள். வாடகை வண்டி என்றால் நாள் வாடகை, கிலோமீட்டர் வரம்பு, டிரைவர் பேட்டா, இரவுத் தங்கல் எல்லாவற்றையும் முன்பே பேசிவிடுங்கள். கிராமத்தில் மணிக்கணக்காக நிற்க வேண்டியிருக்கும் என்பதையும் சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் பத்தரை மணிக்கு அவர் ஹாரன் அடிப்பார்.

ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி நடக்கவிடுங்கள். கழிப்பறைக்குப் பயந்து பெரியவர்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். கேட்டால் தாகமில்லை என்பார்கள். எங்கெங்கே நிறுத்தப்போகிறோம் என்று காலையிலேயே சொல்லிவிட்டால் குடிப்பார்கள். உறவுக்காரர் வீடுகளில் மேலைநாட்டுக் கழிப்பறை இல்லாமல் இருக்கலாம். மடக்குகிற கமோடு நாற்காலி ஒன்று டிக்கியில் இருந்தால் பாதிப் பயம் போய்விடும். இன்சுலினைக் குளிர்ப்பையில் வையுங்கள், ஆனால் ஐஸ் நேராகப் படக்கூடாது. உறைந்த இன்சுலின் பயன்படாது. நிறுத்திய காருக்குள்ளும் அதை விட்டுவிட்டு இறங்காதீர்கள். மருந்துச் சீட்டின் படம் இரண்டு பேர் கைபேசியில் இருக்கட்டும். தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் 1033, ஆம்புலன்ஸுக்கு 108.

யார் வீட்டில் கை நனைப்பது

இந்தப் பயணத்தில் சாலையைவிடக் கடினமான பகுதி இது. ஓர் ஊரில் ஐந்து வீடு இருந்தால் ஐந்து வீட்டிலும் சாப்பிடச் சொல்வார்கள். ஒரு வீட்டில் சாப்பிட்டு இன்னொரு வீட்டில் சாப்பிடாமல் வந்தால், அது அடுத்த கல்யாணம் வரை பேசப்படும். வழி ஒன்றுதான். மூத்தவர் வீட்டில் மட்டும் சாப்பாடு, மற்ற இடங்களில் காபி. இதைப் போனில் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொல்வது நீங்களாக இருக்கக்கூடாது. "மதினி, வர்ற சனிக்கிழமை வாரோம். சாப்பாடு பெரியத்தை வீட்டுல சொல்லியாச்சு, உங்க கையால காபி குடுங்க போதும்" என்று அப்பாவோ அம்மாவோ சொன்னால் அதில் மறுப்பு இல்லை. நீங்கள் சொன்னால் மெட்ராஸ்காரர்கள் பிகு பண்ணுகிறார்கள் என்று ஆகிவிடும்.

நாள் இல்லையென்றால் இன்னொரு வழி. மூத்தவர் வீட்டிலேயோ கோயில் மண்டபத்திலேயோ ஒரு மதியச் சாப்பாட்டுக்கு நீங்களே ஏற்பாடு செய்து எல்லாரையும் அழையுங்கள். இருபது பேரை ஒரே இடத்தில் பார்க்கலாம். பேசாமல் இருக்கும் இரண்டு பங்காளிகள் அந்தப் பந்தியில் எதிரெதிரே உட்கார நேரலாம். அதற்கும் முன்னால் யோசித்து வையுங்கள்.

பட்டியலில் ஏதாவது ஒரு வீட்டில் சாவு நடந்து நீங்கள் போகாமல் இருந்திருக்கலாம். அப்படியானால் இந்தப் போக்கு அவர்களுக்குத் துக்கம் கேட்பதாகத்தான் கணக்கு. அங்கே பூவும் இனிப்பும் கொண்டுபோகக்கூடாது. கிளம்பும்போது "போய்ட்டு வர்றோம்" என்றும் சொல்லக்கூடாது. துக்க வீட்டிலிருந்து நேரே இன்னொரு வீட்டுக்கு நுழைவதைப் பலரும் விரும்பமாட்டார்கள் என்பதால், அன்றைய நாளின் கடைசி வீடாக அதை வையுங்கள். எந்தக் கிழமை போகலாம் என்பதைக் குடும்பத்துப் பெரியவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்ற வீடுகளுக்கு வெற்றிலை பாக்கு, பழம், ரவிக்கைத் துணி, வேட்டி துண்டு எல்லாம் வழக்கம்போல. அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆல்பத்தில் அந்த வீட்டுக்காரர்கள் இருக்கும் பழைய குரூப் போட்டோவைப் பிரிண்ட் போட்டு எடுத்துப் போங்கள். அதைக் கையில் கொடுத்த நிமிடத்திலிருந்து பேச்சுக்குப் பஞ்சமிருக்காது.

சொத்துப் பேச்சு கூடாது. பாகப்பிரிவினை, பட்டா மாற்றம், "அந்த நாலு மாவை யார் பார்க்கிறது?" எதுவுமே இந்த ஏழு நாளில் வேண்டாம் என்று கிளம்பும் முன்பே உங்களுக்குள் பேசி வைத்துக்கொள்ளுங்கள். யாராவது எடுத்தால், "அதுக்குத் தனியா ஒரு நாள் வர்றோம் சித்தப்பா" என்று முடித்துவிடலாம்.

பிறந்த வீட்டு வாசலில்

வீடு கைமாறியிருந்தால், வாசலில் கார் வந்து நின்று ஏழு பேர் இறங்குவதைப் பார்த்தவுடன் உள்ளே இருப்பவருக்கு வரும் முதல் எண்ணம், சொத்துக்கு உரிமை கொண்டாட வந்திருக்கிறார்கள் என்பதுதான். அந்தப் பயத்தை முதல் வாக்கியத்திலேயே எடுத்துவிட வேண்டும்.

காரைத் தெரு முனையில் நிறுத்துங்கள். பெரியவரும் கூட ஒரு பெண்ணும் மட்டும் முதலில் போகட்டும். கையில் பழம் இருக்கலாம், பத்திரம் இருக்கக்கூடாது. செக்குபந்தியை வைத்து இடம் கண்டுபிடிக்கும் வேலையெல்லாம் விடுதி அறையிலேயே முடிந்திருக்க வேண்டும். "இது எங்க வீடு" என்று தொடங்காதீர்கள். இப்படிச் சொல்லலாம்: "சென்னையிலேருந்து வர்றோம்மா. அப்பா சின்ன வயசுல இங்க குடியிருந்தவர். இப்ப நீங்க நல்லா வச்சிருக்கீங்கன்னு கேள்விப்பட்டோம். வாசல்ல நின்னு ஒரு நிமிஷம் பாத்துட்டுக் கிளம்பிடறோம்." பெரும்பாலும் உள்ளே கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் முற்றம், கொல்லை வரை. பூஜை அறைக்கும் சமையல்கட்டுக்கும் அவர்களாகச் சொன்னால் மட்டும். படம் எடுப்பதானால் கேட்டுவிட்டு. கிளம்பும்போது அந்த வீட்டுக்காரரையும் பெரியவரோடு நிற்கவைத்து ஒரு படம் எடுத்து அவருக்கே அனுப்பிவிடுங்கள்.

செட்டிநாட்டுப் பக்கத்துப் பெரிய வீடுகள் வேறு கதை. ஒரு வீட்டுக்கே பல பங்குதாரர்கள். ஆளுக்கொரு ஊரில் இருப்பார்கள். கல்யாணம், படைப்பு என்றால்தான் கதவு முழுக்கத் திறக்கும். சாவி வைத்திருப்பவர் யார், யாருடைய சம்மதம் வேண்டும் என்பதை ஒரு மாதம் முன்பே விசாரியுங்கள்.

வீடே இல்லை என்றால்? அதைப் பெரியவருக்கு முன்னாலேயே தெரியப்படுத்திவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டு ஒரு நிமிட வீடியோ வாங்கி, சென்னையிலேயே காட்டிவிடலாம். அழுவதானால் சொந்த வீட்டில் அழட்டும். ஊருக்குப் போனபின் கோயில் வாசலில் நிறுத்தி, அவர் வரைந்த தாளைக் கையில் கொடுங்கள். கோயிலிலிருந்து எண்ணிக்கொண்டே நடந்து, "இதுதான் நம்ம மனை" என்று அவர் காட்டும் இடம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கஜா புயலில் தென்னந்தோப்பு முழுவதும் சாய்ந்துபோன பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துக்காரர்களுக்கும் இதே யோசனைதான். தோப்பைத் தேடிப் போவதைவிட, அதில் இளநீர் பறித்துப் போட்டவரைத் தேடிப் போகலாம்.

பள்ளிக்கூடம் போவதானால் வேலை நாளில், காலை வழிபாடு முடிந்த பிறகு. தலைமை ஆசிரியரிடம் அனுமதி கேட்டு, படித்த வருடத்தையும் தகப்பனார் பெயரையும் சொன்னால் பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துக் காட்டக்கூடும். அதில் இருக்கும் பிறந்த தேதியும் வீட்டில் கொண்டாடும் தேதியும் ஒத்துப்போகாவிட்டால் ஆச்சரியப்படாதீர்கள். பள்ளியில் சேர்ப்பதற்காக வாத்தியாரே வயது போட்டுக்கொண்ட காலம் அது.

கேட்பதும் பதிவதும்

"பழைய கதை சொல்லுங்க" என்றால் யாருக்கும் கதை வராது. பொருளைக் கேளுங்கள், இடத்தைக் கேளுங்கள்.

– அடுப்பு எந்த மூலையில் இருந்தது? விறகு எங்கே அடுக்குவீர்கள்?
– ராத்திரி யார் யார் எங்கே படுப்பீர்கள்?
– கரண்ட் வந்தது எந்த வயதில்? முதல் பல்பு எந்த அறையில்?
– தீபாவளித் துணி யார் எடுத்துக் கொடுப்பார்? தைத்தது யார்?
– பள்ளிக்கூடத்தில் மதியம் என்ன சாப்பிட்டீர்கள்?
– யாரைக் கண்டால் பயம்?

கடைசிக் கேள்விக்குத்தான் நிறையப் பேச்சு வரும். மதியச் சாப்பாடு பற்றிய கேள்வியில் வரலாறே வரும்: காமராஜர் காலத்து மதிய உணவு 1956-ல் விரிவாயிற்று, எம்.ஜி.ஆரின் சத்துணவு 1982-ல் தொடங்கியது. பதிலை வைத்தே யார் எந்தத் தலைமுறை என்று பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும்.

பேச்சைக் கைபேசியில் ஒலியாகப் பதிவு செய்யுங்கள். கேமராவைக் காட்டினால் பெரியவர்கள் உடனே தலையைக் கோதிக்கொண்டு மேடைப் பேச்சுப் பேசத் தொடங்கிவிடுவார்கள். பேசுவதற்கு முன் ஊர், தேதி, இருப்பவர்கள் பெயர் மூன்றையும் நீங்கள் சொல்லிப் பதிந்துவிடுங்கள். பத்து வருடம் கழித்து அது யார் குரல் என்று தேட வேண்டியிருக்காது. இருவர் ஒரே சம்பவத்தை இரண்டு விதமாகச் சொன்னால் திருத்தாதீர்கள். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கும் வேலை கொடுங்கள். ஒருவர் ஒலிப்பதிவுப் பொறுப்பு. இன்னொருவர், யார் யாருக்கு என்ன முறை, எப்படிக் கூப்பிட வேண்டும் என்று எழுதும் பொறுப்பு. "இவங்க உனக்கு அத்தைப் பாட்டி" என்று சொல்லிவிட்டு நகராமல், எந்த வழியில் அத்தைப் பாட்டி என்று கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஒரு நாளில் பாதி நேரம் அவர்களுடையது: ஆறு, கடல், தோப்பு, கிரிக்கெட். பெரியவர்களின் ஊரை ரசித்தே ஆக வேண்டும் என்று அவர்களை அதட்டக்கூடாது.

பயணம் முடியும் வரை வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போட வேண்டாம். மாயவரத்து மாமா வீட்டுச் சாப்பாட்டுப் படம் வந்த பத்தாவது நிமிடம் கும்பகோணத்துச் சித்தியிடமிருந்து போன் வரும்.

திரும்பிய பிறகு

பயணத்தின் பாதிப் பயன் அடுத்த பதினைந்து நாளில் இருக்கிறது. போன வீட்டுக்கெல்லாம் படங்களைப் பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்புங்கள். கைபேசிக்கு அனுப்பிய படம் பெரியவர்கள் கண்ணில் படாது. ஒலிப்பதிவுகளை இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். வரைந்த தாளில் ஊரில் கண்ட திருத்தங்களை வேறு மையில் குறியுங்கள். புதிதாகக் கிடைத்த எண்களைப் பட்டியலில் சேருங்கள்.

பட்டியலில் சிலரைப் பார்க்க முடியாமல் போயிருக்கும். ஒருவர் ஊரில் இல்லை, ஒருவர் ஆஸ்பத்திரியில், இன்னொருவர் வீட்டுக்கு வழி தெரியவில்லை. அந்த வாரமே அவர்களுக்கு ஒரு வீடியோ கால் போட்டு அப்பாவையோ அம்மாவையோ பேசவையுங்கள். அப்படியே அந்தப் பெயர்களை அடுத்த பட்டியலின் தலையில் எழுதி, வயதைப் பார்த்து வரிசைப்படுத்தி, அடுத்த விடுமுறைத் தேதி தெரிந்தவுடன் ரயில் டிக்கெட்டைப் போட்டுவிடுங்கள். காரையும் விடுதியையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.